சாறு தோற்றது, தோல் நின்றது

செவ்வாய், வெள்ளியில் ராகு காலத்துக்குத் துர்க்கை சந்நிதிக்குப் போகிறவர்கள் எலுமிச்சை விளக்கு ஏற்றுவதைப் பார்த்திருப்பார்கள். பழத்தை இரண்டாக நறுக்கிச் சாற்றைப் பிழிந்துவிட்டு, அரைமூடியின் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அந்தக் கிண்ணத்தில் நெய் ஊற்றித் திரி போடுவார்கள். மூடியைத் திருப்பும்போது தோலிலிருந்து மெல்லிய சாரல் ஒன்று தெறிக்கும். விரலில் படும் அந்த ஈரம் புளிக்காது. எண்ணெய்ப் பிசுக்கும் சுள்ளென்ற வாசனையுமாக இருக்கும், வெறும் தண்ணீரில் கழுவினால் சீக்கிரம் போகாது. இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாவிலும் சிசிலியிலும், அந்தச் சாரலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து விற்றே பல ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தன.

நமக்கு எலுமிச்சை என்றால் சாறுதான். சாதத்துக்கும் ரசத்துக்கும் சர்பத்துக்கும் பிழிந்த பிறகு மூடி பித்தளைப் பாத்திரம் துலக்கப் போய்விடும். கேக்கும் பிஸ்கட்டும் கஸ்டர்டும் செய்கிற ஐரோப்பிய அடுப்படியில் கணக்கு வேறு. அங்கே பழத்தின் முதல் மதிப்பு தோலில். மஞ்சள் மேல்தோலை மட்டும் மெல்லத் துருவி மாவில் சேர்ப்பார்கள். சாறு அதற்கு அடுத்துத்தான் வரும்.

காரணம் எளியது. மாவில் சாற்றை ஊற்றினால் மாவு நீர்க்கும், பால் திரியும், சோடா உப்போடு சேர்ந்து புளிப்பும் அடங்கிவிடும். அடுப்புச் சூட்டில் சாற்றின் மணமும் பெரிதாக மிஞ்சாது. தோல் துருவலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மாவின் பதத்தைக் கெடுக்காமல் மணத்தை மட்டும் அது கொடுக்கும்.

எலுமிச்சைத் தோலைக் கூர்ந்து பார்த்தால் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பஞ்சில் மணம் கிடையாது, கசப்புதான் உண்டு. எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் அது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், எலுமிச்சையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எலுமிச்சையை எலுமிச்சையாக மணக்கவைப்பது சிட்ரால். அது இருப்பதோ நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். கமலாப்பழத் தோலை மடித்துத் தம்பியின் கண்ணில் பீய்ச்சியவர்களுக்கும், பலூன்மேல் பீய்ச்சி வெடிக்கவைத்தவர்களுக்கும் லிமோனீன் பழக்கமானதுதான். அது ரப்பரைக் கரைக்கும், சுடரில் பட்டால் பொறி பறக்கும். தண்ணீரில் கரையாது. கொழுப்பிலும் சாராயத்திலும் கரையும், சர்க்கரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மனிதர்கள் இந்தத் தோலை வைத்துச் செய்தது எல்லாமே இந்தச் சில குணங்களைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

மத்தியதரைக் கடல் பகுதிக்கு முதலில் போன கிச்சிலி (சிட்ரஸ்) இனம் எலுமிச்சை அல்ல, சிட்ரான் என்ற தடித்த தோல் பழம். நம் நார்த்தைக்கு நெருங்கிய உறவு. கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இதைப் பற்றி எழுதினார். பழத்தை யாரும் தின்பதில்லை, ஆனால் நல்ல மணம் உண்டு, துணிகளுக்கு நடுவில் வைத்தால் பூச்சி அரிக்காது என்பது அவர் தந்த தகவல். ஆக ஐரோப்பாவில் இந்தப் பழங்களுக்கு மரியாதை தேடித் தந்தது சதையோ சாறோ அல்ல, தோல்தான். எலுமிச்சையையும் புளிப்பு ஆரஞ்சையும் பெருவாரியாகப் பயிரிட்டவர்கள் பின்னால் வந்த அரபு மக்கள். 10, 11ஆம் நூற்றாண்டுகளில் சிசிலியிலும் ஸ்பெயினிலும் அவர்கள் வெட்டிய பாசன வாய்க்கால்கள்தான் பின்வந்த தோட்டங்களுக்கெல்லாம் அடித்தளம்.

கிழக்கில் இந்த அறிவு இன்னும் பழையது, இன்னும் நுணுக்கமானது. சீனாவின் வென்ஜோ பகுதி அதிகாரி ஹான் யான்ஜி 1178இல் கிச்சிலிப் பழங்களுக்கென்றே ஒரு நூல் எழுதி 27 வகைகளைப் பிரித்துக் காட்டினார். குவாங்டொங் மாநிலத்து சின்ஹுயி வட்டாரத்தில் சிறு ஆரஞ்சின் தோலை அடிப்பகுதி ஒட்டியிருக்கும்படி மூன்று இதழாகப் பிரித்து உரித்து, வெயிலில் உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் பாதுகாப்பார்கள். குறைந்தது மூன்று ஆண்டு ஆனால்தான் அதற்குச் சென்பி என்ற பெயரே கிடைக்கும். வயது ஏற ஏற விலையும் ஏறும். மாட்டிறைச்சிக் குழம்பிலும் இனிப்புச் சிவப்பு அவரைக் கஞ்சியிலும் அது இன்றும் கொதிக்கிறது. ஜப்பானில் 1625இல் எடோ நகரத்து யாகென்போரிக் கடையொன்று விற்கத் தொடங்கிய ஏழு சரக்குக் காரப்பொடியிலும் உலர்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு சரக்கு.

நம்மிடமும் இந்தக் கலை உண்டு, உப்பு வழியில். உப்பு நார்த்தங்காய் போடுகிறவர்கள் காயைத் துண்டுபோடாமல் சுருள் சுருளாக அரிவார்கள். மடிப்புகளுக்குள் கல் உப்பை அடைத்து ஜாடியில் போட்டு, தினமும் குலுக்கிவிட்டு, ஊறியதும் வெயிலில் எடுத்து வைப்பார்கள். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே உப்புநீர் என்று போகும், ஜாடியில் நீர் வற்றும்வரை. காய் கறுத்து இறுகும்போது கசப்பு அடங்கி மணம் மட்டும் முன்னுக்கு வரும். ஆண்டுகள் போனாலும் கெடாது. சின்ஹுயிக்காரர்கள் மூன்று ஆண்டில் தோலிலிருந்து எடுக்கும் முதிர்ச்சியை நம் பாட்டிமார் உப்பாலும் வெயிலாலும் எடுத்தார்கள். தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும் பொருளாக மட்டும் அதை நிறுத்திவிட்டது நம் குறை.

ஐரோப்பா பிடித்துக்கொண்டது சர்க்கரையை.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை அங்கே சர்க்கரை தூளாக விற்கப்படவில்லை. பாகைக் கூம்பு அச்சில் ஊற்றி இறுகவிட்டு, நீலத் தாளில் சுற்றி, கல்லுக்குச் சமமான கெட்டியில் விற்றார்கள். வீட்டில் அதை இடுக்கியால் வெட்டித்தான் புழங்க வேண்டும். அந்தக் கெட்டிச் சர்க்கரையில் ஒரு துண்டை எடுத்து எலுமிச்சையின் மேல்தோலில் அழுத்தித் தேய்ப்பார்கள். சொரசொரப்பான பரப்பு எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கும். வெளிவந்த எண்ணெயைச் சர்க்கரையே உறிஞ்சிக்கொள்ளும். தேய்த்த பக்கம் மஞ்சளாகி ஈரமானதும் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, துண்டைத் திருப்பிப் பிடித்து மறுபடி தேய்ப்பார்கள். வெள்ளைப் பஞ்சு பழத்திலேயே நின்றுவிடுவதால் கசப்பு வருவதில்லை. துருவியும் வடிகட்டியும் எண்ணெய் உறிஞ்சியும் ஒரே பொருளாக இருந்த இந்த முறையை விடக் கெட்டிக்கார முறை அதற்குப் பிறகு வரவில்லை என்றே சொல்லலாம். கேக், கிரீம், புட்டிங் எல்லாவற்றுக்கும் மணம் இப்படித்தான் ஏறியது. மருந்துக்கடைக்காரர்களும் இதே முறையில் எண்ணெய்ச் சர்க்கரை தயாரித்தார்கள். 1862இல் அமெரிக்காவின் ஜெரி தாமஸ் எழுதிய மதுக்கலவை நூலிலும் பஞ்ச் என்ற பானத்துக்கு இந்தத் தேய்ப்புதான் அடிப்படை.

கூம்பை வெட்டுவது பெண்களின் கையைப் பதம் பார்த்த வேலை. மொராவியாவின் டாசிட்சே ஊர்ச் சர்க்கரை ஆலை நிர்வாகி யாகோப் கிறிஸ்டோப் ராட் 1843இல் சதுரக் கட்டிச் சர்க்கரைக்குக் காப்புரிமை பெற்றார். சர்க்கரை வெட்டும்போது அவர் மனைவிக்கு விரலில் காயம்பட்டதுதான் தூண்டுகோல் என்பார்கள். கூம்பு போனாலும் தேய்ப்பு போகவில்லை. பிரெஞ்சு ஓட்டல்களில் கிரேப் சுசெத் என்ற இனிப்பைச் செய்கிறவர்கள் கட்டிச் சர்க்கரையை ஆரஞ்சில் தேய்த்து அந்தப் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். பிற்காலத்தில் சர்க்கரை தூளாகி, துருவி தனியானபோது, இரண்டும் ஒன்றாக இருந்த காரணத்தைப் பலர் மறந்தார்கள்.

தோலை அப்படியே தின்பண்டமாக்கியதும் சர்க்கரைதான். 1677ஆம் ஆண்டுக் கையெழுத்துச் சமையல் ஏடு ஒன்றில் எலைசா சோல்மாண்ட்லி என்ற ஆங்கிலேயப் பெண் ஆரஞ்சு மார்மலேடுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஜேனட் கீலர் என்ற தாயும் மகன் ஜேம்ஸும் 1797இல் தொடங்கிய நிறுவனம் செவில் நகரத்துக் கசப்பு ஆரஞ்சுத் தோலைச் சீவல் சீவலாக நறுக்கிப் போட்டு அதை உலகச் சரக்காக்கியது. புயலில் ஒதுங்கிய ஸ்பானியக் கப்பலின் பழத்தை மலிவாக வாங்கி வந்து ஜேனட் மார்மலேடைக் கண்டுபிடித்தார் என்ற கதையை இன்றும் சொல்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் மூத்த கையெழுத்துக் குறிப்பு இருக்கும்போது அது கதைதான். அவர்களுடைய உண்மையான சாதனை வணிகம். தின்ன முடியாத கசப்புப் பழத்துக்கு, அதன் தோலுக்காகவே, நிரந்தரச் சந்தை ஏற்படுத்தியது.

கரீபியக் கடலின் குராசாவ் தீவிலும் கிட்டத்தட்ட இதே நடந்தது. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் நட்ட ஆரஞ்சு மரங்கள் வறண்ட மண்ணில் வாயில் வைக்க முடியாத கசப்புக் காய்களைக் காய்த்தன. பழம் வீண். ஆனால் காய்ந்த தோலில் மணம் அபாரம். அதைச் சாராயத்தில் ஊறவைத்தவர்கள் தீவின் பெயரிலேயே ஒரு மதுவை உலகெங்கும் விற்றார்கள்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய வேலை மெசினா நீரிணையின் இரு கரையிலும் நடந்தது. ஒரு கரையில் சிசிலியின் எலுமிச்சை, எதிர்க்கரையில் கலாப்ரியாவின் பெர்கமாட். பெர்கமாட் நிறத்தில் எலுமிச்சை மாதிரி இருக்கும், சாறு கசக்கும், தோல் எண்ணெயோ தனி ரகம். 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரீனா குடும்பத்தினர் தொடங்கிய வாசனைநீர்த் தொழில் அந்த எண்ணெயை நம்பித்தான் வளர்ந்தது. ஏர்ல் கிரே தேயிலையின் மணமும் அதுவே. சமையலுக்கும் மிட்டாய்க்கும் வேண்டிய எலுமிச்சை எண்ணெய் மெசினாவிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனது.

அந்த எண்ணெயை எடுத்த விதம் இன்று கேட்டால் நம்ப முடியாது. பழத்தை இரண்டாக வெட்டுவார்கள். கரண்டி வடிவக் கத்தியால் சதையை ஒரே சுழற்றில் தோண்டி எடுப்பார்கள். வெற்று மூடிகள் தண்ணீரில் சில மணி நேரம் ஊறும். ஊறினால்தான் தோல் விறைத்து, எண்ணெய்ப் பைகள் சட்டென்று வெடிக்கும். மண்சட்டியின் குறுக்கே ஒரு கட்டை, அதன்மேல் கடல் பஞ்சு. தொழிலாளி மூடியைப் பஞ்சில் கவிழ்த்து, உள்ளங்கையால் அழுத்தி ஒரு திருகு திருகுவார். பை உடைந்து எண்ணெய் பஞ்சுக்குள் இறங்கும். பஞ்சு நனைந்ததும் சட்டியில் பிழிவார். இப்படி மூடிக்கு மேல் மூடியாக ஆயிரக்கணக்கில். சட்டியில் தண்ணீரும் நார்த்தூளும் அடியில் நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும். சட்டியின் விளிம்பில் இருக்கும் மூக்கு வழியாக எண்ணெயை மட்டும் இறுத்து, ஈயம் பூசிய செப்புக் கலங்களில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள்.

நெருப்பே கிட்ட வராத வேலை என்பதுதான் இதில் முக்கியம். ரோஜாவையும் லவங்கத்தையும் காய்ச்சி வடிக்கலாம். எலுமிச்சைத் தோலைக் காய்ச்சினால் எண்ணெய் தன் நுட்பமான மணத்தை இழந்துவிடும். அதனால்தான் இவ்வளவு பெரிய தொழில் கையையும் பஞ்சையும் நம்பிக் கிடந்தது. ஒரு கிலோ பெர்கமாட் எண்ணெய்க்கு ஏறத்தாழ 200 கிலோ பழம் வேண்டும். விளைச்சல் குளிர்காலத்தில். வேலை பெரும்பாலும் விடியலுக்கு முன்பே தொடங்கும். குளிர்ந்த தண்ணீரில் ஊறிய மூடிகளை மணிக்கணக்கில் திருகிய கைகளில் ஒவ்வொரு வெடிப்பிலும் புளிப்புச் சாறு இறங்கியிருக்கும். எண்ணெய் விலை பற்றிய பதிவுகள் எத்தனையோ உண்டு. அந்தக் கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1844இல் நிக்கோலா பரில்லா என்பவர் கலாப்ரியாவில் பெர்கமாட்டுக்கு ஒரு எந்திரம் அமைத்தார். முள் பதித்த இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே பழங்கள் சுழலும். முள் குத்தி எண்ணெய் வடியும். பெர்கமாட் உருண்டை என்பதால் எந்திரத்துக்கு ஒத்துக்கொண்டது. சிசிலி எலுமிச்சைக்கோ இரு முனையிலும் கூம்பு உண்டு, அதனால் எந்திரத்துக்கு எளிதில் ஒத்துவரவில்லை. சிசிலியில் பஞ்சு மறைய 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆயிற்று.

தோட்டங்களில் புழங்கிய பணம் வேறு விளைவுகளையும் கொண்டுவந்தது. பலெர்மோவைச் சுற்றிய தோட்டங்களில் மரத்திலிருக்கும் பழத்தையும் பாசன நீரையும் திருடாமல் காக்க ஆள் வைத்தார்கள். காவலர்கள் காசு பறிப்பவர்களாக மாறினார்கள். சிசிலிய மாஃபியா எலுமிச்சை விளைந்த ஊர்களில்தான் அழுத்தமாக வேரூன்றியது என்று டிமிகோ, இசோபி, ஓல்சன் ஆகிய மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 1880களின் அரசு விசாரணைப் பதிவுகளை வைத்து 2017இல் வாதிட்டார்கள்.

மூடியைப் பிழிந்தாயிற்று. தோண்டிய சதை என்ன ஆனது? அதைப் பிழிந்து, சாற்றைக் கருங்குழம்பாகக் காய்ச்சி, அல்லது சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம் சிட்ரேட் ஆக்கி ஏற்றுமதி செய்தார்கள். வேதியியலாளர் கார்ல் ஷீலே 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து சிட்ரிக் அமிலத்தைப் படிகமாகப் பிரித்துக் காட்டியபிறகு, மருந்துக்கும் பானத்துக்கும் துணிச் சாயத்துக்கும் அது தேவைப்பட்டது. சாற்றுக்கு இன்னொரு பெரிய வாடிக்கையாளரும் கிடைத்தார். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் சாலிஸ்பரி கப்பலில் 12 மாலுமிகளிடம் நடத்திய சோதனையில் ஸ்கர்வி நோய்க்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கைகண்ட மருந்து என்று தெரிந்தது. 1795இல் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவிட்டது. சிசிலிக்கு அது பொற்காலம். சாறு தோலுக்குச் சமமாக நின்ற காலம்.

முதல் அடி மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கடற்படை தன் குடியேற்ற நாடுகளில் விளைந்த லைம் என்ற இன்னொரு எலுமிச்சை வகைக்கு மாறியது. லைமில் ஸ்கர்வியைத் தடுக்கும் சத்து குறைவு என்பது பின்னால்தான் புரிந்தது. இரண்டாவது அடியில் சாறு எழுந்திருக்கவே இல்லை. வேமர் என்ற ஜெர்மானியர் 1893இல் ஒருவகைப் பூஞ்சை சர்க்கரையைச் சிட்ரிக் அமிலமாக மாற்றுவதைக் கண்டார். அமெரிக்காவில் ஜேம்ஸ் கர்ரி 1917இல் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சை அதை மலிவாகவும் மிகுதியாகவும் செய்யும் என்று நிறுவினார். அதுவரை இத்தாலியச் சிட்ரேட்டை வாங்கிக்கொண்டிருந்த ஃபைசர் நிறுவனம் 1919இல் புரூக்ளினில் பூஞ்சையை வைத்து அமிலம் தயாரிக்கத் தொடங்கியது. பெரிய வெங்காயத்தை உரிக்கும்போது தோலுக்கு அடியில் கறுப்பாக ஒட்டுமே, அதே பூஞ்சைதான். கொஞ்ச ஆண்டுகளில் சிசிலியின் சிட்ரேட் தொழில் சரிந்தது. மளிகைக் கடையில் நாம் சிட்ரிக் ஆசிட் என்று வாங்கும் வெள்ளைப் பொடிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் இன்று எந்தத் தொடர்பும் இல்லை. சர்க்கரைப் பாகும் பூஞ்சையும் தொட்டியும் சேர்ந்த பண்டம் அது.

தோலுக்கு அந்த முடிவு வரவில்லை. புளிப்பு என்பது ஒரே ஒரு பொருள், அதைத் தொட்டியில் செய்துவிடலாம். தோலின் மணமோ பல பொருள்கள் மிகச் சிறு அளவுகளில் சேர்ந்தது. ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் ஈடுகட்ட முடியாது. 1908 டிசம்பர் 28 விடியலில் நிலநடுக்கமும் கடல்பேரலையும் மெசினாவைத் தரைமட்டமாக்கி, எதிர்க்கரையையும் சேர்த்துப் பல்லாயிரம் பேரைக் கொன்றபோதும், அதற்குப் பிறகு சிட்ரேட் சந்தை போனபோதும், தோல் எண்ணெய்க்கு வாங்க ஆள் இருந்துகொண்டே இருந்தார்கள்.

ஈடுகட்ட முயலாமல் இருந்தார்களா என்றால், நிறையவே முயன்றார்கள். அமெரிக்க வீடுகளில் கேக் செய்கிறவர்கள் பழத்தைத் துருவுவதை விட்டு எலுமிச்சை எசன்ஸுக்கு மாறிய காலம் அது. தோல் எண்ணெயைச் சாராயத்தில் கரைத்துச் சின்னக் குப்பியில் அடைத்தால் எசன்ஸ். விலையுயர்ந்த எண்ணெயோடு வியாபாரிகள் டர்பன்டைனைக் கலந்தார்கள். எண்ணெயே பெயரளவுக்கு இருக்க, மஞ்சள் சாயம் போட்ட சாராயத்தை விற்றவர்களும் உண்டு. 1906இல் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்ததை ஒட்டி, எலுமிச்சை எசன்ஸ் என்று சொன்னால் அதில் நூற்றுக்கு ஐந்து பங்காவது எலுமிச்சை எண்ணெய் இருக்க வேண்டும் என்ற அளவை அரசு பிடித்தது. எண்ணெயின் தரத்தைச் சிட்ராலை அளந்து மதிப்பிட்டார்கள். கலப்படக்காரர்களுக்கு அதுவே வழிகாட்டியது. சிட்ரால் மலிவாக வேறெங்கே கிடைக்கும் என்று தேடினார்கள்.

கிடைத்தது கேரளத்து மலைச்சரிவில். எலுமிச்சைப் புல்லைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெயில் 70 முதல் 80 சதவீதம் சிட்ரால். மலையாளிகள் புல்தைலம் என்பதை ஐரோப்பியச் சந்தை கொச்சின் எண்ணெய் என்றது. சோப்புக்கும் வாசனைப் பொருளுக்கும் போன அந்தச் சரக்கு எலுமிச்சை எண்ணெய்க் கலப்படத்திலும் புகுந்தது. சோதனைச்சாலைக் கணக்கு சரியாக வரும். மூக்கு மட்டும் ஏமாறாது, புல்வாடையைப் பிடித்துவிடும். நல்ல எண்ணெய் வணிகர்கள் அந்தக் காலத்தில் கணக்கை விட மூக்கையே நம்பினார்கள்.

எசன்ஸ் குப்பி நம் பேக்கரிகளுக்கும் வந்து நிலைத்துவிட்டது. ஆரஞ்சு கேக், லெமன் கேக் என்று நாம் தின்பதில் பெரும்பாலும் பழம் கிடையாது, குப்பிதான். இலங்கை இந்த வகையில் கொஞ்சம் தப்பித்தது. போர்த்துகீசிய வழியில் வந்ததாகச் சொல்லப்படும் அங்கத்து லவ் கேக்கில் ரவை, கஜு, நீற்றுப்பூசணி இனிப்பு, பன்னீர், ஏலம், சாதிக்காயோடு எலுமிச்சைத் தோல் துருவலும் சேரும். நத்தாருக்குச் செய்யும் ரிச் கேக்கில் சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் உண்டு. கிறிஸ்தவர், பறங்கியர் வீடுகளிலிருந்து பரவிய அந்தப் பழக்கம் தமிழ், சிங்கள வீடுகளிலும் கைவிடப்படாமல் இருக்கிறது.

துருவுவது வெறுப்பான வேலையாக இருந்ததும் குப்பி ஜெயித்ததற்கு ஒரு காரணம். தகரத்தில் ஆணி அடித்துப் புடைத்த துருவியில் எலுமிச்சையைத் தேய்த்தால் தோல் நசுங்கும், பாதி எண்ணெய் காற்றில் போகும், மிச்சம் பற்களிடையே சிக்கும், விரல் முட்டியும் தேயும். இதற்கு விடை அடுப்படியிலிருந்து வரவில்லை, தச்சுப் பட்டறையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ரசல்வில் ஊரில் கிரேஸ் குடும்ப நிறுவனம் எஃகுத் தகட்டை ரசாயனத்தால் அரித்துக் கூர்மையான பற்கள் செய்யும் நுட்பத்தை வைத்திருந்தது. 1990 வாக்கில் அதை மரம் இழைக்கும் அரமாக மைக்ரோபிளேன் என்ற பெயரில் விற்றார்கள். 1994இல் கனடாவின் ஒட்டாவாவில் கருவிக் கடை நடத்திய லெனர்ட் லீயின் மனைவி லொரெய்ன், ஆர்மீனிய ஆரஞ்சு கேக் ஒன்று செய்யும்போது பழைய துருவியோடு மல்லுக்கட்டிச் சலித்து, கணவர் கொண்டுவந்திருந்த அந்த மர அரத்தை எடுத்து ஆரஞ்சில் இழுத்தார். தோல் நசுங்காமல் இழை இழையாக உதிர்ந்தது, வெள்ளைப் பஞ்சு பழத்திலேயே நின்றது. அவர்கள் கடையின் விலைப்பட்டியலில் அந்த அரத்தின் விவரக் குறிப்பை மாற்றி எழுதினார்கள். சில ஆண்டுகளில் அது உலகச் சமையலறைகளின் கருவியாகி, தச்சர்களை விடச் சமையல்காரர்களே அதிகம் வாங்கினார்கள். கூம்புச் சர்க்கரை போனதிலிருந்து விட்டுப்போயிருந்த சுத்தமான தோல் துருவல் அப்படித் திரும்பக் கிடைத்தது.

இன்று பெரிய ஆலைகளில் சாறும் எண்ணெயும் ஒரே எந்திரத்தில், ஒரே நொடியில் பிரிகின்றன. எலுமிச்சையைப் பதப்படுத்துவதில் சிசிலியை அர்ஜென்டினாவின் டுகுமான் மாநிலம் எப்போதோ முந்திவிட்டது. உலகத்து ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு பிரேசிலின் சாறு ஆலைகளின் உபபொருள். பெர்கமாட் மட்டும் இன்னும் பெரும்பாலும் கலாப்ரியாவின் ரெஜியோ கரையிலேயே விளைகிறது.

வீட்டில் கேக் செய்கிறவர்கள் குப்பியை ஒருமுறை ஒதுக்கிவிட்டுப் பார்க்கலாம். மெழுகு பூசி வரும் வெளிநாட்டுப் பழத்தை விட நம் சந்தை எலுமிச்சை நல்லது. தோல் மெல்லியது என்பதால் கை லேசாக இருக்க வேண்டும். நறுக்குவதற்கு முன்பே, பழம் முழுதாக இருக்கும்போதே துருவுங்கள். மஞ்சள் தீர்ந்து வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். துருவலைக் கேக்குக்கு எடுத்துவைத்த சர்க்கரையிலேயே போட்டு, சர்க்கரை ஈரமணல் பதத்துக்கு வரும்வரை விரலால் கசக்கி, அரைமணி நேரம் மூடிவைத்துவிட்டு வெண்ணெயோடு சேருங்கள். இதில் கை பழகிய பேக்கரிக்காரர்கள் அடுத்தபடியாக நார்த்தங்காயையும் கிடாரங்காயையும் எடுக்கலாம். தடித்த தோலும் நிறைந்த எண்ணெயும் உள்ள அந்தக் காய்களின் மேல்தோலை ரவை கேக்கில் துருவிப் போட்டு விற்கும் கடை ஒன்று கும்பகோணத்திலோ யாழ்ப்பாணத்திலோ வர வேண்டும்.